பசுமைக் கட்டடம்: கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் செலுத்துபவர் இன்னொருவர்

கொழும்பில் கட்டடங்களின் மின்சாரம், நீர், காற்றோட்டம் ஆகியவற்றை வடிவமைப்பது என் தொழில். மின்சாரம், நீர், கட்டுமானப் பொருள் ஆகியவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பசுமைக் கட்டடம் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன்; நிறையவே வந்திருக்கின்றன. என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். காணி உறுதி பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து சட்டத்தரணியைப் பாருங்கள்.

தெஹிவளை வாசகர்: ஐயா, எட்டுப் பேர்ச் காணியில் வீடு கட்டப்போகிறோம். பசுமை முறையில் கட்டினால் செலவு எத்தனை வீதம் கூடும்?

பதில்: நீங்கள் எப்போது முடிவெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே முடிவெடுத்தால் பாதி வேலைக்குச் செலவே இல்லை. அத்திவாரம் போட்ட பிறகு யோசித்தால் ஒவ்வொன்றுக்கும் காசு எண்ணிவைக்க வேண்டும்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. நண்பகல் வெயில் ஆண்டின் பெரும்பகுதியில் உச்சிக்கு அருகே நின்று கூரையில் விழுகிறது. மாலை வெயில் சாய்ந்து மேற்குச் சுவரில் அடிக்கிறது. கூரையும் மேற்குச் சுவரும்: இந்த இரண்டையும் கவனித்தால் வீட்டு வெக்கையின் பெரும்பகுதியைக் கவனித்ததாகும். புதிய வீடுகள் பலவற்றில் நான் காண்பது வேறு. வீதி மேற்கே இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கமே பெரிய கண்ணாடி யன்னலோடு படுக்கையறையை வைக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்த அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் சுடும். அந்தச் சூட்டோடு ஏசி விடியும்வரை மல்லுக்கட்டுகிறது. அதே வரைபடத்தில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளிப் படுக்கையறையைக் கிழக்குக்கோ வடக்குக்கோ கொண்டுபோனால் ஒரு கல்கூட அதிகம் வாங்க வேண்டியதில்லை.

கூரை விளிம்பை மூன்றடி வெளியே நீட்டுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் அலுமினியத் தாள் விரிப்பதானால், பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி விடச் சொல்லுங்கள். ஓட்டோடும் பலகையோடும் ஒட்டி அடித்துவிட்டால் அது வெப்பத்தைத் தடுக்காது. பின்புறம் சட்டப்படி விடும் திறந்தவெளியை, குடிபுகல் சான்றிதழ் கைக்கு வந்ததும் சீற் போட்டு மூடிச் சமையலறையாக்கிவிடாதீர்கள். நெருக்கமான காணியில் குறுக்குக் காற்று வர வேறு வழியில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பகத்தலை வீதியோரத்து ஒழுங்கையில் நான்கு சிறிய வீடுகளை இணைத்துத் தமது வீட்டை அமைத்தபோது, சின்னச் சின்ன முற்றங்களால்தான் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே அழைத்தார். நாற்சார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல.

வெள்ளவத்தை வாசகி: தொடர்மாடியில் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கிறோம். பசுமைச் சான்றிதழ் உண்டு என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எந்தச் சான்றிதழ் என்று முதலில் கேளுங்கள் அக்கா. அமெரிக்காவின் லீட், இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையின் தரப்படுத்தல், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எப்.சி.யின் எட்ஜ் ஆகியவற்றை இங்கே காணலாம். எட்ஜ் பெற, வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிடுகையில் மின்சக்தி, நீர், கட்டுமானப் பொருட்களைத் தயாரிக்கும்போது வெளியாகும் காபன் ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 வீதம் மிச்சம் காட்ட வேண்டும். அடுத்து, அது வடிவமைப்பு நிலையில் கிடைத்ததா, கட்டி முடித்த பிறகு கிடைத்ததா என்று கேளுங்கள். விளம்பரப் பலகையில் இருப்பது பெரும்பாலும் முன்னையது. வரைபடத்தில் இருந்த நிழல்தட்டும் நல்ல கண்ணாடியும் செலவுக் குறைப்பில் காணாமற்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கூரையில் சோலார் போட்டால் அது பசுமைக் கட்டடமா?

பதில்: இல்லை. சோலார் மின்சாரம் தருகிறது, வீட்டின் வெக்கையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முதலில் கூரையும் மேற்குச் சுவரும், அதன் பிறகு சோலார். அந்த வரிசையில் போனால் சிறிய தொகுதியே போதும்.

ஆனால் ஊக்குவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சோலார் நல்ல பாடம். 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தில், மின்கட்டமைப்புக்குத் தரும் மேலதிக அலகுக்கு முதல் ஏழு ஆண்டு 22 ரூபா, பிறகு இருபதாம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்த எண்ணை நம்பி வங்கி கடன் கொடுத்தது, மக்கள் வாங்கினார்கள். பிறகு நிபந்தனைகள் மாறத் தொடங்கின. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, பகல் நேரத்தில் கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று கேட்கும் நிலைக்கும் வந்தோம். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, சொன்ன சொல் நிற்குமா என்பதைத்தான் முதலீடு செய்பவர் பார்க்கிறார்.

மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவி: வளர்முக நாடுகளில் பசுமைக் கட்டடத்துக்கு முதன்மைத் தடை ஆரம்பச் செலவு என்று வாசித்தேன். உங்கள் அனுபவத்தில்?

பதில்: இதற்கு விரிவாகவே எழுதுகிறேன் தங்கச்சி. செலவு ஒரு தடைதான். ஆனால் அதே நாட்டில், அதே வட்டி வீதத்தில், ஆடைத் தொழிற்சாலைகள் எப்படிப் பசுமையாயின என்று பாருங்கள். 2008 இல் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனம் துருலி தொழிற்சாலையைத் தொடக்கத்திலிருந்தே பசுமைக் கட்டடமாக எழுப்பியது. சீதுவையில் பிராண்டிக்ஸ் பழைய தொழிற்சாலையைப் புதுப்பித்து லீட் சான்றிதழின் உச்ச நிலையான பிளாட்டினத்தைப் பெற்றது. காரணம் எளிது: கட்டுபவரும் முப்பது வருடம் மின்கட்டணம் செலுத்துபவரும் ஒரே நிறுவனம். வெளிநாட்டுக் கொள்வனவாளரும் அதைக் கேட்டார்.

இனித் தொடர்மாடிக்கு வாருங்கள். கட்டும் நிறுவனம் விற்றுவிட்டுப் போய்விடுகிறது. வாங்கியவர் வாடகைக்கு விடுகிறார். ஏசி கட்டணம் வாடகைக்காரர் தலையில். நல்ல கண்ணாடிக்கு யார் காசு போட வேண்டுமோ அவருக்கு அதில் ஒரு சதமும் திரும்பி வராது. வங்கி மதிப்பீட்டாளர் சதுர அடியையும் வீதி முகப்பையும் கணக்கெடுக்கிறார். நிழல்தட்டு அவருடைய படிவத்தில் இல்லை. எங்கள் தொழிலையும் விட்டுவைக்க முடியாது. ஆலோசகரின் கட்டணம் கட்டுமானச் செலவின் வீதமாகக் கணக்கிடப்படும்போது, ஏசி தொகுதியைப் பாதியாகக் குறைத்து வடிவமைக்கும் பொறியியலாளர் கூடுதலாக உழைத்துக் குறைவாகச் சம்பாதிக்கிறார். ஆகக் குறைந்த விலைக்கு டெண்டர் கொடுக்கும் முறையில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த நிழல்தட்டும் நல்ல கண்ணாடியும்தான்.

இன்னொன்று, மின்சாரம் மலிவாக இருந்தது. பல ஆண்டுகள் செலவுக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிட்டு, 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தினார்கள். குடும்பங்களை அது நசுக்கியது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்கள் என்னிடம் கூரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.

மற்ற நாடுகளின் ஊக்குவிப்புகளை இந்தக் கண்ணோடு வாசியுங்கள். சிங்கப்பூர் 2005 இல் கிரீன் மார்க் என்ற பசுமைக் கட்டடத் தரத்தை அறிமுகப்படுத்தி, 2006 இல் பண ஊக்குவிப்பு கொடுத்து, 2008 இல் புதிய கட்டடங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தைச் சட்டமாக்கியது. கொடுப்பதும் கட்டாயமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலேசியா 2009 இல் தன் தரச்சுட்டியை வெளியிட்டபோது, கட்டியவரின் மேலதிகச் செலவுக்கு வரிவிலக்கு அளித்ததோடு வாங்குபவருக்கும் முத்திரைத் தீர்வையில் சலுகை தந்தது. இரண்டு பக்கத்தையும் தொட்டதுதான் அதன் சிறப்பு.

கிருலப்பனை வாசகர்: ஐயா, சோலார் பற்றரியோடு போடுவதா, இல்லாமல் போடுவதா?

பதில்: விற்பனையாளர் மூவரிடம் விலை கேளுங்கள். கூரைக்கு நிழல் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மட்டக்குளி வாசகர்: அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் வசதியானவர்களுக்கு. இங்கே மழைக்கு ஒழுகாத கூரையே பெரிய விடயம். முதலில் வீடு, பிறகுதான் பசுமை.

பதில்: இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. வசதியானவர் வெக்கையைக் காசு கொடுத்து விரட்டுகிறார். சீலிங் இல்லாத சீற் கூரைக்குக் கீழே, ஒரே பக்கம் யன்னல் உள்ள அறையில் இருப்பவர் அதை உடம்பால் தாங்குகிறார். குழந்தைக்கு வேர்க்குரு, முதியவருக்குத் தூக்கமின்மை, நாள் முழுக்க ஓடும் மின்விசிறி. ஒரு யன்னலுக்கு எதிரே இன்னொரு திறப்பு வைப்பதற்கு ஏன் பணக்காரராக இருக்க வேண்டும்?

மட்டக்குளி வாசகர்: அப்படியானால் அஸ்பெஸ்டஸ் சீற்றைத் தடைசெய்யச் சொல்கிறீர்களா? ஓடு போடப் பலமான மரச்சட்டம் வேண்டும். மரத்துக்கு யார் காசு தருவது?

பதில்: அந்தக் கேள்விதான் அரசாங்கத்திடம் போக வேண்டியது தம்பி. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையும் 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது. 2017 டிசம்பரில், சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் வருவதும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான். நம் கட்டுப்பாடு பின்வாங்கப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வளர்முக நாடு தன் கூரையைத் தானே தெரிவுசெய்ய முடியாமற்போன கதை இது. பசுமைக் கட்டடத்துக்கான தடைகளின் எந்த ஆய்வுப் பட்டியலிலும் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

மாற்றுக் கூரைக்கு மானியம் இல்லாமல் தடை மட்டும் வந்தால் அது ஏழையின் தலையில்தான் விழும் என்று நீங்கள் சொன்னால், அதில் நான் உங்கள் பக்கம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய சீற்றில் படிந்த பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், காய்ந்த சீற்றை வாளால் அறுக்காதீர்கள். நார் தூசியாகப் பறந்து நுரையீரலுக்குப் போகும்.

கிராண்ட்பாஸ் வாசகி: நீங்கள் இருவரும் கூரையில் நிற்கிறீர்கள். சலுகை எப்போதும் யாருக்குப் போகிறது? பசுமைக் கட்டடம் என்றால் இரண்டு மாடி அதிகம் கட்ட விடு என்பார்கள். ஆடம்பர வீடு விற்பவருக்கு அரசாங்கம் ஏன் வெகுமதி தர வேண்டும்?

பதில்: நியாயமான கோபம். மேலதிக மாடி அனுமதியால் அரசுக்குப் பணச்செலவு இல்லை என்பதால்தான் பல நாடுகள் அதை விரும்புகின்றன. ஆனால் அந்தச் சுமையை வீதியும் வடிகாலும் அயலவரும் சுமக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். ஈராண்டு மின்கட்டணப் பட்டியலைக் காட்டி, சொன்ன மிச்சத்தை நிரூபித்த பிறகே சலுகையின் பெரும்பகுதி கிடைக்க வேண்டும். அரசே கட்டும் குடியிருப்புகளுக்கு இந்தத் தரத்தை முதலில் கட்டாயமாக்க வேண்டும். அங்கே நடைபாதை பகலிலும் இருட்டாக இருந்தால் அந்த விளக்குச் செலவு குறைந்த வருமானக் குடும்பங்களிடமே வந்து சேர்கிறது.

மட்டக்குளி வாசகர்: அரசு குடியிருப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

பதில்: நல்ல சண்டைதான் தம்பி. மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

வத்தளை வாசகர்: நிரப்பிய சதுப்புக் காணி மலிவாக வருகிறது. அதில் பசுமை வீடு கட்டலாமா?

பதில்: வேண்டாம். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, நம் வெள்ளத்தைத் தாங்குவதும் அந்தச் சதுப்புகள்தான். எந்தச் சான்றிதழும் அதை ஈடுசெய்யாது.

பம்பலப்பிட்டி வாசகி: மழைநீர் சேகரிக்க ஆசை. ஆனால் பீலியில் டெங்கு நுளம்பு பெருகும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரிக்கிறார்.

பதில்: இருவர் சொல்வதும் சரி. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைப் புகுத்தியவர்களும் அரசாங்கம்தான், பீலியைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களும் அரசாங்கம்தான். தீர்வு பீலியின் சரிவில் இருக்கிறது. தண்ணீர் தேங்காதபடி சரித்து, வாயில் நுண்வலை கட்டி, தொட்டி மூடியை இறுக்கமாகச் செய்யுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரைத் தனிக் குழாயில் வெளியே விடுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் பெய்கிறது. நூறு சதுர மீற்றர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,90,000 லீற்றருக்கு மேல் சேரும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தாராளம்.

நுகேகொடை வாசகர்: சோலார் போட்டால் பசுமைக் கட்டடம் ஆகிவிடுமா?

பதில்: மேலே கொட்டாஞ்சேனை வாசகருக்கு எழுதியதைத் தயவுசெய்து வாசியுங்கள். இனி சோலார் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

இராஜகிரிய வாசகர்: வாஸ்துப்படி மேற்கு வாசல்தான் வேண்டும் என்கிறார் அப்பா.

பதில்: வாசலை வையுங்கள், அதற்கு முன்னால் நிழல் தரும் விறாந்தையும் வையுங்கள்.

மருதானை வாசகர்: அழுத்திய மண்கல் நல்லதா? மேசன் வேண்டாம் என்கிறார்.

பதில்: நல்லது. சூளை விறகு வேண்டாம், சிறிதளவு சீமெந்து போதும், எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரநிர்ணயமும் இருக்கிறது. மேசன் மறுப்பது பழக்கமின்மையால். வரிசை பிசகாமல் அடுக்கவும் சாந்தை மெல்லியதாகப் பூசவும் ஒரு நாள் கூடவே நின்று காட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறார். அகலமான கூரை விளிம்பும் உயரமான அத்திவாரமும் கட்டாயம், நம் மழைக்கு.

கல்கிசை வாசகி: கூரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு விற்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: புதிதாகப் பூசியபோது நன்றாகவே உண்டு. இந்த ஈரப்பதத்தில் ஓரிரு மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்ததும் பலன் குறையும். ஆகவே கழுவக்கூடிய கூரையானால் மட்டும் வாங்குங்கள். உங்களுடையது அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் கழுவத் தேய்க்கும் வேலையே வேண்டாம். அந்தக் காசுக்கு உள்ளே சீலிங்கும் அலுமினியத் தாளும் போடுங்கள், ஆணி சீற்றில் படாமல்.