மார்ட்டல் காம்பாட்: இரண்டாவதைப் பார்க்காமல் 2021 படத்துக்குப் போகலாமா?

வணக்கம். 1995 படம் உங்கள் பன்னிரண்டு வயது மகனுக்குப் பிடித்துவிட்டது, 1997இல் வந்த 'அனிஹிலேஷன்' பார்த்துவிட்டுத்தான் 2021 படத்தைப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. 2021 படம் தொடர்ச்சி இல்லை, கதையைப் புதிதாகத் தொடங்குகிறது.

அனிஹிலேஷன் முதல் படம் முடிந்த இடத்திலேயே ஆரம்பிக்கும், ஆனால் முகங்கள் மாறியிருக்கும். இடிக்கடவுள் ரெய்டனாகக் கிறிஸ்டபர் லாம்பர்ட் இல்லை, ஜேம்ஸ் ரீமார். நாயகர்கள் அணியில் சோன்யாவும் வேறு நடிகை. ஜானி கேஜும் வேறு ஆள்தான், அவரையும் ஆரம்பத்திலேயே வில்லன் ஷாவ் கான் தீர்த்துவிடுவார். பையன் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அப்புறம், இந்தப் படங்களுக்கு மூலமான வீடியோ விளையாட்டில் இருக்கும் ஏகப்பட்ட பேரையும் ஒரே படத்தில் அடைத்திருக்கிறார்கள்: வருவார்கள், அடிப்பார்கள், காணாமல் போவார்கள். கடைசியில் கதாநாயகன் லியு காங் டிராகனாக மாறும் கிராபிக்ஸ் அந்தக் காலத்துக்கே மட்டம். லியு காங்காக வரும் ராபின் ஷூ நிஜமாகவே ஊஷூ என்ற சீனத் தற்காப்புக் கலை பழகியவர், அதனால் சண்டைகளில் சில தேறும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் 2021 படம். அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். நாயகர்களில் ஒருவரான ஜாக்ஸின் இரண்டு கைகளையும் வில்லன் சப்-ஜீரோ உறையவைத்து உடைப்பார். இன்னொரு நாயகன் குங் லாவ் தன் தொப்பியை ரம்பம்போலச் சுழலவிட்டு ஒருத்தியை இரண்டாகப் பிளப்பார். முதல் இரண்டு படங்களில் இந்த அளவு ரத்தம் கிடையாது. மகனோடு என்றால் அனிஹிலேஷனையே போடுங்கள், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 2021 படத்தை அவன் தூங்கியபிறகு நீங்கள் தனியாகப் பாருங்கள்.