சிறு டிராக்டருக்குப் பின்பாரம்: கேள்வி பதில்

கேள்வி (கோபி): கட்டுத்தரை எருவை முன்பக்க லோடரில் அள்ளும்போது பின்சக்கரங்கள் தரையில் பிடிக்காமல் சுற்றுகின்றன. டயரில் தண்ணீர் நிரப்பினால் போதுமா, ஐயா?

பதில்: தண்ணீர் பின்சக்கரத்துக்குப் பிடிப்பைத் தரும்; ஆனால் அந்தப் பாரம் பின் அச்சுக்கு நேராக இறங்குவதால் முன் அச்சின் சுமை குறையாது. வாளி நிறைந்ததும் அதிகம் வதைபடுவது அந்த முன் அச்சுதான். ஆகவே பின் அச்சைத் தாண்டி, மூன்று புள்ளி இணைப்பில் (கலப்பை போன்ற கருவிகளை மாட்ட வண்டியின் பின்னால் உள்ள இரு கீழ்க்கைகளும், மேலே உள்ள டாப் லிங்க் என்ற ஒற்றைக் கையும்) பாரம் தொங்க வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி 300 கிலோவைத் தொங்கவிட்டால், முன் அச்சில் 200 கிலோ குறைந்து, பின் அச்சில் 500 கிலோ கூடும்.

கேள்வி (பொள்ளாச்சி): தோப்பில் 200 லிட்டர் இரும்புப் பேரல் சும்மா கிடக்கிறது. அதில் கான்கிரீட் போடலாமா?

பதில்: போடலாம், விளிம்புவரை வேண்டாம். கான்கிரீட் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ என்பதால் நிறைந்த பேரல் 480 கிலோவைத் தொடும். கையேட்டில் உள்ள ஹைட்ராலிக் தூக்குதிறன் பெரும்பாலும் கீழ்க்கைகளின் முனையில் அளந்தது. பாரத்தின் மையம் பின்னால் தள்ளிப்போகப் போக அது குறையும். பாதிப் பேரல், அதாவது 240 கிலோ அளவில் தொடங்குவதே என் பரிந்துரை. சிமெண்ட் 1, எம்-சாண்ட் 2, ஜல்லி 4 என்ற கலவை போதும்.

கவனம் முழுவதும் இரும்பு வேலையில் இருக்கட்டும். சிறு வண்டிகளில் பரவலாக உள்ள முதல் வகை (Category 1) இணைப்பில் கீழ் ஊசி 22 மி.மீ., டாப் லிங்க் ஊசி 19 மி.மீ., இரு கீழ்க்கைகளுக்கு நடுவே இடைவெளி சுமார் 68 செ.மீ.; இதைவிடக் குறுகிய இணைப்பும் உண்டு என்பதால் உங்கள் வண்டியிலேயே அளந்துகொள்ளுங்கள். கீழ்க்கைகளில் மாட்டும் கீழ்த்தண்டு பேரலின் இருபுறமும் ஊடுருவி ஒரே துண்டாக இருக்க வேண்டும். டாப் லிங்க் தாங்கியை அத்துடன் பற்றவைத்த பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும். தனித்தனியாகப் பதித்த கம்பிகள் வண்டியின் குலுக்கலில் நாளடைவில் உருவிக்கொள்ளும். டீசலோ ஆயிலோ இருந்த பேரலை முழுமையாகச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரையே பறிக்கும்.

கேள்வி (காங்கேயம்): கான்கிரீட்டுக்குப் பதில் இரும்புப் பெட்டியில் மணல் நிரப்பலாமா?

பதில்: தாராளமாக. உலர்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ அளவே என்பதால் பெட்டி ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். மழைநீர் வடிய அடியில் துளை இடுங்கள்.

கேள்வி (அந்தியூர்): பாரத்தை எப்போதும் மாட்டியே வைக்கலாமா?

பதில்: கூடாது. லோடரைக் கழற்றியதும் இதையும் கழற்றிவிடுங்கள். முன்னால் சுமை இல்லாதபோது மேட்டில் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. மஞ்சள் காட்டு ஈர மண்ணும் வீணாக இறுகும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பாரத்தைத் தரையில் இறக்கிவிட்டே எஞ்சினை அணையுங்கள்.