‘ஒண்ணுமில்ல’ என்ற ஒரே பதில்

கேள்வி: என் கணவர் சிகிச்சை எடுத்து, குடியை நிறுத்தி 12 நாள் ஆகிறது. முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். பத்தே நிமிடத்தில் எரிந்து விழுவார். உணர்ச்சிகள் பற்றிய 20 கேள்விப் படிவத்தில் 66 மதிப்பெண் வந்தது. மறைக்கிறாரா? ஆளுமைக் கோளாறா?

பதில்: அவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். தன் உணர்ச்சி இன்னதென்று இனம்காண முடியாத தன்மைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். குடிநோயாளிகளிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. அவர் நிரப்பியது இதை அளக்கும் டொரன்டோ அளவுகோல் என்றால் மதிப்பெண் 20 முதல் 100 வரை. 61-ஐத் தொட்டாலே இந்தத் தன்மை உண்டு என்று கணக்கு. ஆனால் 12-ஆம் நாள் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். குடியை விட்டதும் வரும் பதற்றமும் தூக்கமின்மையும் சோர்வும் அதை ஏற்றிவிடும். நான்கு வாரம் குடிக்காமல் இருந்தபின் மறுபடி நிரப்பட்டும்.

ஆளுமைக் கோளாறு என்பது நினைப்பதிலும் பழகுவதிலும் நிலைத்துப்போன சிக்கலான போக்கு. அப்படிச் சொல்ல, அது இளம் வயதிலேயே தொடங்கி, குடிக்காத காலத்திலும், வீடு வேலை என எல்லா இடத்திலும் தெரிந்திருக்க வேண்டும். போதையில் சொன்ன பொய்யையும் வாங்கிய கடனையும் வைத்து முடிவுகட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. குடிக்கு முந்தைய அவரை அறிந்த அக்காவோ அண்ணனோ மனநல மருத்துவரிடம் உடன் வந்தால், படிவத்தைவிட அது பயன்படும்.

உணர்ச்சியை இனம்காண முடியாத தன்மையைக் கவனிக்காமல் விடவும் கூடாது. நெஞ்சு படபடப்பது பயத்தாலா, கோபத்தாலா, வெறும் பசியாலா என்று பிரித்தறியாதவருக்கு எல்லாமே ‘குடிக்கணும்போல இருக்கு’ என்றுதான் தோன்றும்.

அதனால் ‘ஏன் இப்படி இருக்கீங்க?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு ‘தெரியல’ என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. உடம்பிலிருந்து தொடங்குங்கள். தினம் மூன்று வேளை அவரே ஒரு நோட்டில் எழுதட்டும்: எங்கே இறுக்கம், பத்துக்கு எவ்வளவு, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. கடைசியில் கோபம், பயம், வருத்தம், வெட்கம், சலிப்பு, சந்தோஷம் ஆகிய ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ‘தாடை, 7, அண்ணன் போன், வெட்கம்’ என்ற அளவு போதும். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் ‘கோபம்’ என்றே எழுதுவார், திருத்தாதீர்கள். நோட்டை அவராகக் காட்டினால் மட்டும் பாருங்கள்.

மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கிவிட்டால், வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். நேராக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.