ஓ.எச்.எல். அணியில் சேர்ந்தால் அமெரிக்கக் கல்லூரி வாசல் அடைபடுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் 10ஆம் வகுப்புப் படிக்கிறான். ஓ.எச்.எல். (ஒன்ராறியோ ஹொக்கி லீக்) அணி ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்திட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐஸ் ஹொக்கி ஆடவே முடியாது என்கிறார் அவனுடைய பழைய பயிற்சியாளர். உயரமும் ஐந்தடி எட்டு அங்குலம்தான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, பயிற்சியாளர் சொல்வது பழைய சட்டம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., ஓ.எச்.எல். உள்ளிட்ட கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளின் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை வீரர்களாகவே நடத்திவந்தது. 16 வயதில் ஓ.எச்.எல்.இன் வின்ட்சர் அணிக்காக இரண்டே இரண்டு முன்னோட்ட ஆட்டங்கள் ஆடியதற்காகக் கல்லூரித் தகுதியை இழந்த ஒன்ராறியோ இளைஞர் ஒருவர், 2024 ஆகஸ்டில் பஃபலோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதே நவம்பரில் என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல், அவசியச் செலவுக்கு மேல் பணம் வாங்காத ஜூனியர் வீரர்கள் முதல் பிரிவுக் கல்லூரிகளில், அதாவது என்.சி.ஏ.ஏ.யின் மேல்மட்டத்தில், ஆடலாம். கனடிய ஜூனியர் அணியான மெடிசின் ஹற்றின் நட்சத்திரம் கவின் மெக்கென்னா நேரே பென் ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்குப் போனது இந்த வழியாகத்தான்.

ஆகவே வாசல் திறந்திருக்கிறது. உள்ளேதான் நெரிசல். முன்பு அந்த இடங்களுக்குப் போட்டியிடாத 19, 20 வயது ஓ.எச்.எல். ஆட்டக்காரர்களும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். 18 வயதில் பள்ளி முடித்ததும் கல்லூரி அணியில் இடம் என்பது மிகச் சிலருக்கே வாய்க்கும். உங்கள் மகன் 20 வயதில்தான் முதலாம் ஆண்டு மாணவனாவான் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 20 வயதுவரை அவனுடைய பள்ளிப் பாடங்கள் தாங்குமா என்பதுதான் என் கவலை. ஒப்பந்தத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாடப் பட்டியலை எடுத்து மேசையில் வையுங்கள். முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் வேண்டும். 11, 12ஆம் வகுப்புப் பாடக் குறியீடுகளின் ஐந்தாம் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு இ.என்.ஜி.3யூ என்றிருந்தால் நிம்மதி; 'யூ' என்றால் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் பாடம். வேலைக்கு ஆயத்தம் செய்யும் 'ஈ' பிரிவுப் பாடம் இந்தக் கணக்கில் சேராது. ஒரு வீட்டில் பையனின் கோல்களையெல்லாம் காணொளியாக அடுக்கிக் காட்டினார்கள். மதிப்பெண் தாளைக் கேட்டேன், தேடி எடுக்க அரைமணி நேரம் ஆனது. அதில் இரண்டு கணிதப் பாடங்கள் குறைந்தன.

"ஐந்தாம் வருடம் படித்துச் சரிக்கட்டலாம்" என்பது ஒன்ராறியோப் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. என்.சி.ஏ.ஏ. அதை ஏற்காது. 9ஆம் வகுப்பிலிருந்து நான்கு வருடங்களுக்குள் முடிக்க வேண்டும்; உரிய காலத்தில் பட்டம் பெற்ற பிறகு ஒரே ஒரு அடிப்படைப் பாடத்தைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும்.

இதை ஓ.எச்.எல். வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். பருவத்துக்கு 68 ஆட்டங்கள். ரொறன்ரோவிலிருந்து சூ சென்ற் மரிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பஸ் பயணம். வேற்றூரில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கல். கல்லூரியில் அதில் பாதியளவு ஆட்டங்களே. பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். மற்ற நாள்கள் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் வகுப்புக்கும். உடம்பு இன்னும் தேறவேண்டிய பையனுக்கு இது பெரிய வரம்.

பண விஷயத்துக்கு வருகிறேன். ஓ.எச்.எல். அணிகள் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடக் கல்விச் செலவு என்று உதவி தருகின்றன. எப்போது தொடங்க வேண்டும், எந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண அளவு, தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இல் ஒப்பந்தம் செய்தால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவிலும் எல்லாருக்கும் முழுப் புலமைப்பரிசில் கிடைக்காது. கோர்னெல், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று ஒரு டொலர்கூடத் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுவார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லை. மாணவர் விசாவில் போகிறவன் விளம்பரப் பணத்தைத் தொடுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்கட்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: முதல் பருவத்திலேயே அவனை ஐஸில் இறக்குவோம் என்று அணி உறுதியாகச் சொன்னால், பாடங்களும் ஒழுங்காக இருந்தால், கையெழுத்திடலாம். பெஞ்சில் உட்கார்த்தி வைப்பார்களென்றால் வீட்டுக்கு அருகே, ஓ.எச்.எல்.லுக்கு அடுத்த படியான ஜூனியர் ஏ அணி ஒன்றில் தினமும் ஆடுவது மேல். எதைத் தேர்ந்தாலும் என்.எச்.எல். அணியோடு ஒப்பந்தம் என்று யாராவது வந்தால் மட்டும் உடனே நிறுத்தி யோசியுங்கள். கல்லூரித் தகுதி அங்கேதான் போகும்.

உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்.எச்.எல். நட்சத்திரமாக இருந்த மார்ட்டின் சென்ற் லூயியும் ஐந்தடி எட்டு அங்குலம்தான். 1993 முதல் 1997 வரை வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் ஆடினார், எந்த என்.எச்.எல். அணியும் தேர்வில் அவரை எடுக்கவில்லை. 2004இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஸ்டான்லி கோப்பையும் அவருக்கு. அவர் விதிவிலக்கு, மறுக்கவில்லை. எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் கோல்காப்பாளர் கென் டிரைடன். கோர்னெலில் படித்தபடியே ஆடியவர், 1971இல் மொன்றியலுக்குக் கோப்பை வென்று கொடுத்தார். 1973-74 பருவத்தில் சம்பளத் தகராறு வந்ததும், ரொறன்ரோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞராகப் போய் உட்கார்ந்துவிட்டார். மறு வருடம் அணியே அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை பள்ளி வழிகாட்டல் ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்; 11ஆம் வகுப்புப் பாடத் தெரிவுகளை அவனே தன் கையால் எழுதட்டும்.