வளையும் அட்டை, வெடிக்கும் மடிப்பு: காகிதக் கைவினை கேள்வி-பதில்

வாழ்த்து அட்டைகள், மொய் உறைகள், பொங்கல் பானை, பழைய கடிதங்கள் என்று இம்முறை கேள்விகள் பல திசையில் வந்திருக்கின்றன. சிலவற்றில் குற்றவாளி ஒன்றுதான்: நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரம்.

தீபாவளி வாழ்த்து அட்டையின் முகப்பில் வண்ணத்தாளை ஒட்டினேன். ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் கிண்ணம் மாதிரி வளைந்து கிடக்கிறது. பசை மோசமா, தாள் மோசமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

இரண்டுமில்லை. காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்குவாக்கில்தான் உப்பும். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஒட்டும்போது மேல்தாள் அந்தத் தண்ணீரைக் குடித்து விரிகிறது, காயும்போது சுருங்கி அடி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. மேல்தாளின் நார் ஒரு திசையும் அட்டையின் நார் வேறு திசையுமாக இருந்தால் வளைவு இரட்டிப்பாகும்.

நார்த்திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல், உள்ளங்கைக்கு இடையில் லேசாக வளைத்துப் பாருங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அப்படியே மடித்தால் மடிப்புக்கோடு விழும் திசைக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. பென்சிலால் பின்புறம் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு சின்னத் துண்டில் கண்டுபிடிப்பது தலைவலி.

அட்டையும் மேல்தாளும் ஒரே நார்த்திசையில் இருக்கட்டும். பெரிய பரப்புக்கு வெள்ளைப் பசையை விட்டுவிட்டு இருபக்க ஒட்டுநாடாவுக்கோ குச்சிப் பசைக்கோ மாறுங்கள். வெள்ளைப் பசைதான் வேண்டுமென்றால், பழைய வங்கி அட்டையின் விளிம்பால் மெல்லியதாக இழுத்துப் பரப்பி, இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் 24 மணி நேரம் விடுங்கள். ஏற்கெனவே வளைந்துபோன அட்டையைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: அதே வகைத் தாளை, அதே நார்த்திசையில், பின்புறமும் ஒட்டுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நிமிர்ந்துவிடும்.

இன்னொன்று: சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். குளிரூட்டிய அறையில் வெட்டிய தாளைக் கூடத்தில் வைத்து ஒட்டினால் அளவே மாறியிருக்கும். எங்கே ஒட்டப்போகிறீர்களோ, அங்கேயே தாளை முந்தின இரவு பிரித்து வைத்துவிடுங்கள்.

ஏ4 அட்டையைப் பாதியாக மடித்தால் மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. கரும் ஊதா அட்டையில் ரொம்பவே அசிங்கம்.
- ஈசூன் வாசகர்

இதுவும் நார் விவகாரம்தான். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் நார் 29.7 செ.மீ. பக்கத்துக்கு இணையாக ஓடும். அதை வழக்கம்போல் ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்புக்கோடு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நார் முறிகிறது, மேலே பூசிய நிறம் பிளக்கிறது.

அதே ஏ4-ஐ முதலில் இரண்டு ஏ5 ஆக வெட்டி, ஒவ்வொன்றையும் ஏ6 ஆக மடித்துப் பாருங்கள். இப்போது மடிப்பு நாரோடு ஓடும், வெண்ணெயாக மடங்கும். பெரிய அட்டை வேண்டுமென்றால் ஏ4-ஐ 21 x 21 செ.மீ. சதுரமாக வெட்டி, நாரோடு மடியுங்கள். 10.5 x 21 செ.மீ. நீள அட்டை கிடைக்கும். அது 11 x 22 செ.மீ. டிஎல் உறையில் அப்படியே உட்காரும். மிச்சமுள்ள 8.7 செ.மீ. பட்டையைப் பெயர்ச்சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

200 ஜிஎஸ்எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேற்பட்ட எதையும் வெறுங்கையால் மடிக்காதீர்கள். இரும்பு அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுங்கள். கோடு இழுத்த பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. மேடு மடிப்பின் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். பலரும் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள், வெளிப்புறம் இழுபட்டு வெடிப்பது அதனால்தான்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மொய் உறை நானே செய்ய நினைக்கிறேன். 101 வெள்ளி வைக்க வேண்டும். அந்த ஒரு வெள்ளி நாணயத்தை எப்படி வைப்பது? உள்ளே போட்டால் உருளுகிறது, வெளியே ஒட்டினால் விழுந்துவிடுகிறது.
- தெம்பனிஸ் வாசகி

முதலில் உறை. 100 வெள்ளி நோட்டு 16.2 x 7.7 செ.மீ., 50 வெள்ளி நோட்டு 15.6 x 7.4 செ.மீ. ஆகவே 16.5 x 8.5 செ.மீ. உறை செய்தால் இரண்டும் மடிக்காமல் உள்ளே போகும். சின்ன உறை செய்து நோட்டை மடித்து வைக்கும் யோசனை வேண்டாம். 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக் வகை, மடித்தால் அடங்காமல் நிமிர்ந்து உறையை உப்ப வைக்கும்.

120 முதல் 150 ஜிஎஸ்எம் ஏ4 தாளை எடுத்து, 18.5 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரமாக வெட்டுங்கள். இடப்பக்க விளிம்பிலிருந்து 8.5, 17 செ.மீ. தூரத்தில் இரண்டு செங்குத்து மடிப்புக்கோடுகள். மேலிருந்து 3 செ.மீ., கீழிருந்து 1.5 செ.மீ. தூரத்தில் இரண்டு கிடைக்கோடுகள். இப்போது இடப்பக்கத்துப் பாகத்தில் மட்டும் மேல், கீழ் மடல்களை விட்டுவிட்டு, மற்ற இரண்டு பாகங்களிலும் அவற்றை வெட்டி எறியுங்கள். வலது ஓரத்து 1.5 செ.மீ. பட்டையின் முனைகளைச் சற்றுச் சாய்த்து வெட்டினால் உள்ளே மடங்கும்போது சிக்காது. நடுப்பாகத்தை இடப்பாகத்தின் மேல் மடித்து, பட்டையை உள்ளே தள்ளி ஒட்டுங்கள். கீழ்மடலை மேலே மடித்து ஒட்டினால் உறை தயார். மடல்கள் வந்து விழாத பக்கம்தான் (இடப்பாகம்) முகப்பு.

நாணயத்துக்குப் பசையே வேண்டாம். 2013-இல் வந்த ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மி.மீ. 200 ஜிஎஸ்எம் தாளில் 6 x 4 செ.மீ. துண்டு வெட்டி, அதன் நடுவே 1.8 செ.மீ. இடைவெளியில் 2.7 செ.மீ. நீளமுள்ள இரண்டு இணைக் கீறல்கள் போடுங்கள். ஒரு கீறலில் நுழைத்து மறு கீறலில் எட்டிப் பார்க்கும்படி நாணயத்தைத் தள்ளினால், குறுக்குப் பட்டை அதைப் பிடித்துக்கொள்ளும், இரு ஓரமும் வெளியே மின்னும். இந்தத் துண்டை உறையை மடிப்பதற்கு முன்பே முகப்பில் நான்கு விளிம்பிலும் நாடா வைத்து ஒட்டிவிடுங்கள். மணமக்கள் உறையைக் கிழிக்காமலே நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மைதாவைக் காய்ச்சிப் பசை செய்யலாமா? அம்மா காலத்தில் அப்படித்தான்.
- தோ பாயோ வாசகி

அன்றே ஒட்டி அன்றே கிழித்துப் போடும் அலங்காரத்துக்குச் செய்யலாம். நாள்பட வைத்திருக்கும் பொருளுக்கு வேண்டாம். கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து, ஈரம் ஏறினால் பூஞ்சையும் பூக்கும். அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலந்து பூச்சியைத் தடுத்தார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் அந்த வேலையே கூடாது.

பொங்கலுக்கு, திறந்தால் பானை எழுந்து நிற்கும் அட்டை செய்தேன். மூடினால் கரும்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியை வெட்டிவிட்டால் கரும்பு மாதிரியே இல்லை!
- செங்காங் வாசகர்

கரும்பை வெட்டாதீர்கள், கணக்கை மாற்றுங்கள். பானையைத் தாங்கி நிற்கும் பெட்டி எவ்வளவு தூரம் முன்னால் வருகிறதோ, அதோடு பானையின் அடியிலிருந்து கரும்பு நுனி வரையுள்ள உயரத்தைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, மடிப்பிலிருந்து அட்டை விளிம்பு வரையுள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏ6 அட்டையை நீளவாக்கு மடிப்பாகப் பிடித்தால் அந்தத் தூரம் 10.5 செ.மீ. பெட்டி 3 செ.மீ. முன்னால் வந்தால் கரும்பு 7 செ.மீ. வரை இருக்கலாம், அரை செ.மீ. மிச்சம். உங்கள் பெட்டி 4 அல்லது 5 செ.மீ. நீண்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

செய்முறை: உள்தாளுக்கு 160 ஜிஎஸ்எம் போதும். ஏ5 தாளைப் பாதியாக மடித்து, மடிப்பின் நடுவில் 4 செ.மீ. இடைவெளி விட்டு, மடிப்பிலிருந்து உள்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. நடுவிலுள்ள மடலை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள். தாளைத் திறந்து, அந்த மடலை உள்பக்கமாகத் தள்ளினால் படிக்கட்டு மாதிரி பெட்டி எழும். அதன் முன்முகத்தில் மட்டும் பானையை ஒட்டுங்கள். மேல்முகத்திலும் பசை பட்டால் அட்டை மூடாது.

வெளியட்டை 250 ஜிஎஸ்எம். உள்தாளின் மடிப்பு வெளியட்டையின் மடிப்பிலிருந்து ஒரு மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். ஒரு பாதியில் நாடா ஒட்டிப் பொருத்துங்கள். மறுபாதிக்கு நாடா ஒட்டியபின், உள்தாளை மடித்த நிலையிலேயே வைத்து, வெளியட்டையை அதன்மேல் மூடி அழுத்துங்கள். திறந்து வைத்து இரு பாதியையும் ஒட்டினால் மூடும்போது நடுவில் சுருக்கம் விழும். பெட்டியின் பின்புறம் பசையோ நாடாவோ எட்டிப் பார்க்கக் கூடாது.

கம்பிக் கோலத்தை நூலால் அட்டையில் தைக்க முடியுமா? ஊசி போட்டால் தபால்தலை ஓரம்போல் கிழிந்து வருகிறது.
- பிடோக் வாசகி

துளைகள் நெருங்கிவிட்டன. 3 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. வளைவுகளில் 4, நேர்கோட்டில் 5 மி.மீ. என்று வையுங்கள். அட்டை 250 ஜிஎஸ்எம், புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. கோலத்தை மெல்லிய தாளில் வரைந்து அட்டைமேல் வைத்து, அடியில் பழைய யோகா விரிப்புத் துண்டைப் போட்டு, குண்டூசியால் எல்லாத் துளைகளையும் முதலில் குத்திவிடுங்கள். தைக்கும்போது துளை தேடினால் அட்டை காயம்படும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை போதும். பின்தையல்தான் (முந்தைய தையல் முடிந்த துளைக்கே ஊசி திரும்பும் முறை) கோட்டை இடைவெளி இல்லாமல் காட்டும். முடிச்சுப் போடாதீர்கள், முன்பக்கம் புடைக்கும். நூல் முனையைப் பின்னால் நாடாவால் ஒட்டி, மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா எழுதிய நீலநிற ஏரோகிராம் கடிதங்கள் முப்பது இருக்கின்றன. லேமினேட் செய்து ஆல்பமாக்கலாம் என்கிறான் மகன்.
- அங் மோ கியோ வாசகி

வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பும் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும்.

கடிதங்களைப் படமெடுத்தோ ஸ்கேன் செய்தோ, அந்த நகலை வைத்துத்தான் வெட்டு, ஒட்டு, அலங்காரம் எல்லாம். இங்க்ஜெட் நகலாக இருந்தால் ஒருநாள் முழுக்கக் காயவிட்டு ஆல்பத்தில் சேருங்கள். அசல் கடிதத்தையே ஆல்பத்தில் காண வேண்டுமென்றால் பசை படாமல் மூலைப் பிடிகளில் செருகுங்கள். அமிலமற்ற தாளில் 3 x 1.5 செ.மீ. துண்டு வெட்டி, மேல்விளிம்பின் இரு மூலைகளையும் கீழ்விளிம்பின் நடுவில் சேரும்படி மடியுங்கள். செங்கோண முக்கோணப் பை கிடைக்கும். மடிப்புகள் பின்னால் இருக்க, பையை ஆல்பத்தில் ஒட்டி, கடிதத்தின் மூலையை உள்ளே செருகுங்கள். பசை பைக்கு மட்டும்தான், கடிதத்துக்கு இல்லை.

ஏரோகிராமின் மடிப்புகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஒருமுறை விரித்தால் விரித்தபடியே வையுங்கள். பெட்டியைச் சேமிப்பறையிலும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் (நிறம் மாறும் வகை) போட்டால் நிறம் மாறும்போது மாற்ற மறக்காதீர்கள். ஈரம் குடித்து நிறைந்த பொட்டலத்தால் பயனில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களுக்கும் இதே முறைதான், ஆனால் செய்தித்தாளுக்குள் சுற்றி வைக்காதீர்கள். அதன் அமிலம் படத்தையும் மஞ்சளாக்கும்.

கையால் செய்த அட்டையைத் தபாலில் அனுப்பினால் கற்கள் உதிர்ந்து போய்ச் சேருகின்றன.
- புக்கிட் பாத்தோக் வாசகி

தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகள் நசுக்குகின்றன. தபாலில் போகும் அட்டைக்குக் கல், மணி, தடித்த பஞ்சு நாடா வேண்டாம். அலங்காரத்தை அட்டையின் உள்பக்கம் தட்டையாக வையுங்கள். மேலே சொன்ன 21 செ.மீ. சதுர அட்டை 250 ஜிஎஸ்எம்-இல் 11 கிராம், உறையோடு சேர்த்து 17 கிராம் வாக்கில் வரும். தபால்கட்டணம் எடையைப் பொறுத்தது, அலங்காரம் அதைக் கூட்டும் என்பதை நினைவில் வைத்து, ஒட்டிய பிறகு சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

கல்யாண மாலையின் பூக்களை அழுத்தி உலர்த்தி அட்டையில் ஒட்டலாமா?
- ஜூரோங் வாசகி

ரோஜா இதழ் வரும். மல்லிகை பழுப்பாகிவிடும், ஆசைப்படாதீர்கள். ஆர்க்கிட் தடிப்பு, உலர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். காகிதப்பூதான் நம்மூருக்கு ஏற்றது: பெயருக்கேற்ப மெல்லியது, நிறமும் நிற்கும். வீட்டுத் தொட்டியில் பறியுங்கள், பூங்காக்களில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். மை ஒற்றும் தாளுக்கு நடுவே வைத்து, முதல் வாரம் இரண்டு நாளைக்கொரு முறை தாளை மாற்றுங்கள். மூன்று வாரம் பொறுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு நண்பர்கள் கொடுத்த பச்சை உறைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. தூக்கிப்போட மனமில்லை.
- பொங்கோல் வாசகர்

மாவிலைத் தோரணம் செய்யுங்கள், பச்சை தயாராகவே இருக்கிறது. உறையின் ஒட்டைப் பிரித்து விரித்தால் ஒன்றுக்கு இரண்டு இலை வரும். இலையின் நீளத்தை உறை எவ்வளவு தருகிறதோ அவ்வளவு வையுங்கள், அகலம் 4 செ.மீ. நடுநரம்புக்கு மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு இழுத்து லேசாக மடித்தால் இலை நிமிர்ந்து நிற்கும். 90 செ.மீ. வாசலுக்கு, காம்புக்குக் காம்பு 8 செ.மீ. இடைவெளியில் 11 இலை. பளபளப்பான உறையில் வெள்ளைப் பசை பிடிக்காது. காம்பை நூலின் மேல் 1 செ.மீ. மடித்து, இருபக்க நாடாவால் ஒட்டுங்கள்.