ஜாவாவில் கார்பேஜ் கலெக்டர் இருந்தும் மெமரி ஏன் நிரம்பி வழிகிறது?

“வேலை முடிந்த ஆப்ஜெக்டை ஜாவா தானே அழித்துவிடும் என்கிறார்கள். பிறகு ஏன் என் சர்வரில் அவுட் ஆஃப் மெமரி எரர் வருகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி அழிக்கும் பகுதிதான் கார்பேஜ் கலெக்டர். ஆனால் ஒரு ஆப்ஜெக்டின் வேலை முடிந்ததா என்பது கலெக்டருக்குத் தெரியவே தெரியாது. அது பார்ப்பது ஒன்றைத்தான்: இதை எட்ட இன்னும் வழி இருக்கிறதா? ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்களின் லோக்கல் வேரியபிள்கள், ஸ்டேட்டிக் ஃபீல்டுகள் (கிளாஸுக்கே சொந்தமான வேரியபிள்கள்) போன்றவைதான் ரூட், அதாவது தேடல் தொடங்கும் இடம். அங்கிருந்து ரெஃபரன்ஸ்களை, அதாவது ஒரு ஆப்ஜெக்டைச் சுட்டும் இணைப்புகளை, பிடித்துக்கொண்டே போய், எட்டியதையெல்லாம் உயிருள்ளதாகக் கணக்கில் எடுக்கும். மிச்சத்தின் இடம் காலியாகும். லிஸ்ப் மொழி பற்றி ஜான் மெக்கார்த்தி 1960-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தாலும், ரூட்டிலிருந்து வழி இல்லையென்றால் இரண்டுமே போய்விடும். ரெஃபரன்ஸ்களை வெறுமனே எண்ணும் முறை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அப்படி எண்ணும் வழக்கமான பைத்தானில் இந்தச் சுழற்சிகளைப் பிடிக்கத் தனியாக ஒரு கலெக்டர் இருப்பது அதற்காகத்தான்.

புதிய ஆப்ஜெக்டுகளில் பெரும்பாலானவை அற்பாயுசு. அதனால் ஜாவா அவற்றை ஈடன் என்ற பகுதியில் வைத்து அடிக்கடி சுத்தம் செய்கிறது. பல சுற்று தாண்டியவை ஓல்டு பகுதிக்குப் போகும். உங்கள் சிக்கல் அங்கேதான் குவிந்துகொண்டிருக்கும்.

சரி, எப்படிக் குவிகிறது? லாகின் செய்கிற ஒவ்வொருவரின் செஷனையும் ஒரு ஸ்டேட்டிக் ஹாஷ்மேப்பில் (கீ, வேல்யூ என்று ஜோடியாகச் சேமிப்பது) போடுகிறீர்கள், லாகவுட்டில் எடுக்கவில்லை என்று வையுங்கள். ஸ்டேட்டிக் ஃபீல்டு ரூட் ஆயிற்றே! மேப்பில் இருக்கும் அத்தனை செஷனும், அவை பிடித்திருக்கும் லிஸ்டுகளும் எட்டக்கூடியவையே. கலெக்டர் கை வைக்காது, கலெக்டரை ஓடச் சொல்லும் சிஸ்டம் டாட் ஜிசி என்று எத்தனை முறை எழுதினாலும் சரி.

ஒவ்வொரு கிளாஸிலும் உயிருள்ள ஆப்ஜெக்டுகள் எத்தனை என்று காட்ட, ஜாவாவோடு வரும் ஜேமேப் கருவியில் ஹிஸ்டோ லைவ் ஆப்ஷனைக் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். எந்தக் கிளாஸின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதோ அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் ஹீப் டம்ப் (மெமரியில் உள்ள ஆப்ஜெக்டுகளின் நகல்) எடுத்து எக்ளிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்தால், அதை எந்த ரூட் பிடித்திருக்கிறது என்ற பாதையே தெரியும். அந்த மேப்புக்கு ஓர் அளவு வரம்போ காலாவதியோ வையுங்கள். வீக்ஹாஷ்மேப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் கீ மட்டும்தான் வீக், அதாவது கலெக்டரைத் தடுக்காத ரெஃபரன்ஸ். வேல்யூவே கீயைச் சுட்டிக்கொண்டிருந்தால் அந்த என்ட்ரி அப்படியே கிடக்கும்.