எட்வர்ட் என்றால் செல்வமா, மகிழ்ச்சியா? மகனுக்கு ஆங்கிலப் பெயர் தேடும் ஒருவருக்கு

பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் பையன் பிறக்கப் போகிறான், மனைவி ஆங்கிலேயர், அதனால் முதற்பெயர் ஆங்கிலத்தில் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 'வெற்றி' அல்லது 'ஒளி' என்று பொருள் வர வேண்டும் என்பது அவருடைய அம்மாவின் ஆசை. ஆனால் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டினால் தலை சுற்றுகிறதாம். எட்வர்ட் ஒரு பட்டியலில் 'செல்வத்தின் காவலன்', இன்னொன்றில் 'மகிழ்ச்சியான காவலன்'. ஆலிவர் ஓரிடத்தில் 'ஒலிவ மரம்', வேறோரிடத்தில் 'வனதேவதைகளின் படை'. எதை நம்புவது?

எட்வர்ட் விஷயத்தில் இரண்டு பட்டியலும் பொய் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஏயட்' என்றால் செல்வம், நல்லூழ், செழிப்பு எல்லாம்தான், நம்முடைய 'திரு' மாதிரி ஒரு சொல். 'வெயர்ட்' என்றால் காவலர். எட்மண்ட், எட்வின், எட்கர் மூன்றிலும் அதே 'திரு'தான் முன்னால் நிற்கிறது. பின்னால் முறையே பாதுகாப்பு, நண்பன், ஈட்டி. சரி, அப்படியானால் எட்வர்ட் 'திருக்காவலன்' என்று சேர்த்துச் சொல்லிவிடலாமா? அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எல்லா நேரமும் பொருள் பார்த்துப் பெயரைக் கோக்கவில்லை. 1095-இல் இறந்த வூஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டனைப் பாருங்கள். அப்பா பெயர் ஆத்தெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து 'வுல்ஃப்', அப்பாவிடமிருந்து 'ஸ்டன்'. தனித்தனியாகப் பார்த்தால் ஓநாய், கல். 'ஓநாய்க்கல்' என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு பேருடைய பெயரும் பிள்ளையில் சேர வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்துப் பெயர் கட்டுகிற வீடுகள் நம்மிடமும் எத்தனையோ இருக்கின்றன, அதனால் இது உங்களுக்கு உடனே புரியும்.

இன்னொன்று. அசல் ஆங்கிலப் பெயர்கள் என்று நாம் நினைக்கிற வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி எல்லாம் 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பரவியவை. வேர் ஜெர்மானியம், வந்த வழி பிரான்ஸ். ஆண்டவர்களின் பெயரை ஆளப்பட்டவர்களும் வைக்க ஆரம்பித்து, இரண்டு நூற்றாண்டுக்குள் பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்து போயின. எட்வர்ட் தப்பித்ததற்கு ஒரு ராஜாவின் பக்திதான் பெரிய காரணம். மூன்றாம் ஹென்றிக்கு, நார்மன்கள் வருவதற்கு முன் ஆண்ட புனித எட்வர்ட் மன்னர் மேல் அவ்வளவு பற்று, 1239-இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்தப் பிள்ளைதான் பிறகு முதலாம் எட்வர்ட்.

இனி அம்மாவின் ஆசைக்கு வருவோம். 'ஒளி' என்று தேடினால் பட்டியல்கள் முதலில் லூக்கை நீட்டும். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். லூக் என்பது 'லூக்கானியா ஊர்க்காரர்' என்ற பொருளில் வந்த பெயர், தெற்கு இத்தாலியில் இருந்த ஒரு பகுதி அது. ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு ஓசை ஒத்துப்போவதால் வந்த குழப்பம். ஒளி நிஜமாக உட்கார்ந்திருப்பது ராபர்ட்டில்: முதல் பாதி புகழ், இரண்டாம் பாதி பிரகாசம். வெற்றிக்கு விக்டர், வின்சென்ட் இரண்டும் லத்தீனிலிருந்து நேராக வருகிறவை. நிக்கோலஸ் கிரேக்கம், வெற்றி என்ற சொல்லும் மக்கள் என்ற சொல்லும் சேர்ந்தது. எனக்குப் பிடித்தது என்னவோ ஜார்ஜ்தான், கிரேக்கத்தில் மண்ணில் பாடுபடுகிறவர், அதாவது உழவர். உங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம் என்றால் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெயரை மாற்றியவர்கள் தமிழ்க் கத்தோலிக்கர்கள். ஜான் என்ற எபிரேயப் பெயருக்கு 'கடவுள் அருளினார்' என்று பொருள், அதனால் அருளப்பன். பால் லத்தீனில் சிறியவர், சின்னப்பன். ஸ்டீஃபன் கிரேக்கத்தில் மகுடம், முடியப்பன். ஆங்கில முதற்பெயரும் தமிழ் இரண்டாம் பெயரும் ஒரே பொருளில் அமைய வேண்டுமென்றால் இந்த வழி உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆலிவருக்கு உறுதியான பதில் கிடையாது. பழைய பிரெஞ்சு வீரகாவியத்தில் நாயகன் ரோலண்டின் தோழனாக வரும் ஒலிவியே வழியாகப் பரவிய பெயர் இது. அதற்கு முந்தைய வேர் ஜெர்மானியமா, ஸ்காண்டிநேவியப் பெயரான ஓலாஃபின் திரிபா என்பதில் அறிஞர்களிடம் ஒற்றுமை இல்லை. ஒலிவ மரம் ஓசை ஒப்புமையால் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பலர் கருதுகிறார்கள். உறுதியாகப் பொருள் சொல்கிற பட்டியலை விட்டுத் தள்ளுங்கள். பெயர் நன்றாக இருக்கிறதென்றால் தாராளமாக வையுங்கள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல் பல ஆண்டுகள் அதுதான் முதலிடம். 2023-இல் முதல் மூன்று இடம் முகமது, நோவா, ஆலிவர். ஒன்று அரபு, ஒன்று எபிரேயம், ஒன்று பிரெஞ்சு வழி வந்தது.

மோசமான பொருளைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். கேமரன் என்றால் கோணல் மூக்கு, செசில் என்ற பெயரின் வேரில் குருடு என்ற சொல் இருக்கிறது. கேமரன் ஒருவர் பிரதமராகவே இருந்தார், யாரும் மூக்கைப் பற்றி யோசித்ததில்லை. மேசன் கொத்தனார், கூப்பர் பீப்பாய் செய்கிறவர், ஹாரிசன் ஹாரியின் மகன். இவை தொழிலிலிருந்தும் அப்பன் பெயரிலிருந்தும் வந்த குடும்பப் பெயர்கள், பிறகு முதற்பெயர் ஆனவை.

அப்புறம், கூப்பிடு பெயரை மறந்துவிடாதீர்கள். அங்கே ராபர்ட் என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் அவன் ராப், இல்லையென்றால் பாப். வில்லியம் பில் ஆவதும், ரிச்சர்ட் டிக் ஆவதும், இப்படி முதல் எழுத்தை மாற்றி எதுகையாகக் கூப்பிட்ட பழைய பழக்கம்தான். அந்தச் சுருக்கம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பெயரையே யோசியுங்கள்.

இரண்டு பக்கத்துப் பாட்டியும் தடுமாறாமல் கூப்பிட ஒரு பெயர் வேண்டும் என்றால் கீரனைப் பாருங்கள். அயர்லாந்துப் பெயர், கருமை என்ற சொல்லிலிருந்து வந்தது, இங்கிலாந்தில் நன்றாகவே புழங்குகிறது. நமக்கோ நக்கீரனின் கீரன். வேர் வேறு வேறு, வாயில் வரும்போது ஒன்றேதான். உங்கள் அம்மா கேட்ட வெற்றியும் ஒளியும் அதில் இல்லை, ஆனால் ஊரிலிருந்து போனில் அவர் கூப்பிடும்போது பேரன் திரும்பிப் பார்ப்பான்.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், அதனால் அவசரப்படாமல் முழுப்பெயரையும் சில நாள் வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பதிவாளர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஸ்டீஃபனை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள், கீரனை அதற்கும் மேல்.